இடது காது

குருநகர் மாடிக் குடியிருப்பு, மூன்றாம் தளம்.
கதவுக்குப் பூட்டில்லை. பூட்டு இருந்த இடத்தில்
கோடரி கொத்திய ஓட்டை.
அதற்குள் பழைய வலைத்துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்,
காற்று வராமல்.

நான் செருப்பைக் கழற்றவில்லை.
இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோக வந்தவள்
வெறுங்காலோடு உள்ளே போவதா என்று யோசித்தேனா,
நிலமெல்லாம் போத்தல் துண்டு கிடந்ததாலா,
இன்றைக்கும் தெரியாது.

கிராம சேவகர் வாசலோடு நின்றுகொண்டார்.
பெண் பொலிஸ் கைப்பேசியைப் பார்த்தபடி.
தாய் சுகந்தினி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்,
நன்றாக எரிகிற அடுப்பை.

டில்ஷிகா, வயது ஒன்பது.
முதுகில் வயர்த் தழும்பு ஏழு, அதில் நான்கு பழையவை.
தம்பி அன்றூ, வயது மூன்றரை.
உடம்பில் ஒரு கீறலும் இல்லை.
அடுத்தடுத்த பெட்டிகளில் எழுதினேன்.
எழுதி முடித்த பிறகுதான் வாசித்தேன்.

“அப்பா வந்தால் இவனை எங்கை விடுவாய்?”
மூலையில், சாரம் போட்டு மூடிய மீன்கூட்டைக் காட்டினாள்.
“சத்தம் போடமாட்டான் மிஸ்.
நான் காதைக் கூட்டோடை வைப்பன்.
ஓட்டைக்குள்ளாலை பிடிச்சுக்கொண்டு இருப்பான்.
இந்தக் காது. மற்றதெண்டால் அழுவான்.”

கூட்டுக்குக் காது கொடுத்தால்
முதுகு எந்தப் பக்கம் இருக்கும் என்று
நான் கேட்கவில்லை.

சுகந்தினி காலில் விழுவாள் என்று பயந்து
முன்கூட்டியே ஓர் அடி பின்னால் நின்றேன்.
விழவில்லை.
“கொண்டு போங்கோ” என்றாள்.
“ரெண்டு பேரையும் ஒரு இடத்திலை விடுவியளோ?
அப்பிடியெண்டால் கையெழுத்து வைக்கிறன்.”
ஓம் என்றேன்.

பெண்பிள்ளைகள் இல்லம் கோப்பாய்ப் பக்கம்.
ஆண்பிள்ளைகள் இல்லம் தெல்லிப்பழைக்கும் அங்காலை.
ஓம் என்றபோது இது எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தின மாரியில், வேறொரு வீட்டில்
வேறொரு தாய் அழுதாள், நான் கோப்பை மூடினேன்.
மூன்று கிழமை.
பிறகு ஆஸ்பத்திரியில், பிரேத அறைக்கு வெளியே,
பச்சைப் பெயின்ற் உரிந்த வாங்கில் இருந்தேன்.
உரிந்த பெயின்றை நகத்தால் இன்னும் உரித்தேன்.
அந்தப் பிள்ளையின் பெயரை இதில் எழுதமாட்டேன்.
தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறது பாவம் என்று
கல்யாண வீட்டில், பந்தியில், யாராவது சொன்னால்
நகத்துக்குள் அந்தப் பச்சை.

தகப்பன் றொபின்சன் நான்கு நாள் மறியலில்.
ஐந்தாம் நாள் பிணை. அன்றிரவு தன் வீட்டில்,
தன் பாயில் படுத்தான்.
அடித்தவனுக்கு வீடு. அடிபட்டவளுக்கு
கட்டில் இலக்கம் பதினொன்று, இரண்டு சோடி உடுப்பு, ஒரு வாளி.
இதையும் செய்தது நான்தான்.

காதுக்குப் படிவத்தில் பெட்டி இல்லை.
‘ஏனையவை’ என்ற கோட்டில் எழுதினேன்:
சகோதரியின் இடது காதைப் பிடித்தால் மாத்திரமே
நித்திரை கொள்வார்.
மேலதிகாரி சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு
ஒரு கேள்விக்குறி வைத்துத் திருப்பி அனுப்பினார்.
அழித்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தெல்லிப்பழை.
மத்தியானம். பிள்ளைகள் வரிசையாய்ப் படுத்திருந்தார்கள்.
“குழப்படி இல்லை, நல்ல பிள்ளை” என்றார் மேற்பார்வையாளர்.
சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி,
அன்றூ தன் காதைத் தானே பிடித்திருந்தான்.
இறுக்கிப் பிடித்ததில் சிவந்திருந்தது.

அங்கேயிருந்து பஸ் மாறிக் கோப்பாய்க்கு.
டில்ஷிகா இரண்டு கிலோ கூடியிருந்தாள்.
தழும்புகள் ஆறிவிட்டன, புதியது இல்லை,
கணக்கில் பத்தாவது இடம்.
இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“தம்பி நித்திரை கொள்ளுறானோ மிஸ்?”
“ஓம்.” பொய் இல்லை.

தலைமயிரை இடது காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு
என் பேனை நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆற்றை காதைப் பிடிச்சுக்கொண்டு?”